கணக்கு யாரு பார்த்தா?

அந்தக் கட்டுரையை எழுதி முடிக்க எனக்கு 50 நிமிடங்கள் ஆனது. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அது கொஞ்சம் தாமதம்தான். மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் சீனியர் அண்ணன், "அமெரிக்காவுல ஒரு பர்கர் கடை இருக்காம்ல... சீக்ரெட் மெனு எல்லாம் வச்சிருக்காங்களாம். கலிபோர்னியா போற நம்ம பசங்க ஃப்ளைட்டை விட்டு இறங்குனதும் அங்க நின்னுதான் செல்ஃபி போடறாங்க. ஒரு சக்சஸ் ஸ்டோரி தட்டிவிடு" என்றார். தட்டிவிட்டேன்.

கடையின் பெயர் இன்-என்-அவுட் பர்கர். 1948-ல் ஹாரி ஸ்னைடர் என்பவர் தொடங்கியது. 10 அடிக்கு 10 அடி இடம். ஒரு பர்கர் 25 சென்ட். விடியற்காலையில் ஹாரியே மார்க்கெட்டுக்குப் போய் இறைச்சியும் காய்கறியும் பொறுக்கி எடுத்து வருவார். காரில் வருகிறவர்கள் இறங்காமலே ஆர்டர் கொடுக்க ஒரு ஸ்பீக்கர் கருவியும் அவரே செய்து வைத்தார். இன்று 400 கடைகளுக்கு மேல். பேத்தி பெரும் கோடீஸ்வரி. இவ்வளவையும் 320 வார்த்தைகளில் சொல்லி, 'சின்னப் பெட்டிக்கடை சாம்ராஜ்யம் ஆனது எப்படி?' என்று தலைப்பு வைத்தேன். நன்றாகவே ஓடியது.

நான் எழுதுவதையெல்லாம் விடாமல் படிக்கிற ஒரே வாசகி என் அம்மா. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் போதும், போனில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு வரி விடாமல் படித்துவிடுவாள். மறுநாள் காலை போன் செய்தாள்.

"நல்லா இருக்குடி. ஆமா, கணக்கு யாரு பார்த்தா?"

"எந்தக் கணக்கு?"

"அந்தாளு விடியக்காலை மார்க்கெட்டுக்குப் போறாரு. வந்து அடுப்புல நிக்கிறாரு. ராத்திரி ஸ்பீக்கர் மெஷின் வேற செய்றாரு. அப்ப கடைக்கணக்கு யாரு பார்த்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அது முக்கியமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "சரி, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினாள்.

போனை வைத்தபிறகுதான் உறைத்தது.

திண்டுக்கல்லில் அப்பா 19 வருஷம் டிபன் கடை வைத்திருந்தார். காலையில் இட்லி, பொங்கல், பூரி, சாயங்காலம் பரோட்டா. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கடைக்கு வழி காட்டுவார்கள். அம்மா ராத்திரி பத்தரை மணிக்கு மேல், பாத்திரமெல்லாம் கழுவி முடிந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, லாங் சைஸ் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள். அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ், மாஸ்டர் சம்பளம், வாழை இலை, பால்காரர் பாக்கி... வலது பக்கம் வரவு, இடது பக்கம் செலவு. எனக்குத் தெரிந்து ஒரு நாள்கூட அவள் அதைத் தள்ளிப்போட்டதில்லை. தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளுக்கும் சித்தியிடம் துண்டுச் சீட்டில் எழுதி வைக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ஏற்றினாள் என்று சித்தி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

ஜர்னலிசம் டிப்ளமோ படிக்கும்போது 'உங்கள் ஊர் மனிதர் ஒருவர்' என்று ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். நான் அப்பாவைப் பற்றி எழுதினேன். இரண்டு பக்கம். அதில் அம்மா ஒரே ஒரு இடத்தில் வருகிறாள், எனக்குக் காபி கொடுக்க.

அன்று வேலை முடிந்து அறைக்குப் போனதும் மறுபடியும் ஸ்னைடர் குடும்பத்தைத் தேட உட்கார்ந்தேன். இந்த முறை 50 நிமிடக் கெடு இல்லை.

கணக்கு பார்த்தது எஸ்தர். ஹாரியின் மனைவி. என் கட்டுரையில் அவர் வரவில்லை என்று சொல்ல முடியாது. 'மனைவி எஸ்தருடன் சேர்ந்து' என்று மூன்று வார்த்தை இருந்தது.

எஸ்தர் 1920-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அமெரிக்கக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து பணியாற்றினார். போர் முடிந்ததும் சியாட்டிலில் கல்லூரிப் படிப்பு. பட்டம் வாங்கியது விலங்கியலில்! 1948-ல் ஹாரியைத் திருமணம் செய்துகொண்டார். ஹாரி கனடாவின் வான்கூவரில் டச்சுக் குடும்பத்தில் பிறந்தவர். எஸ்தரைவிட ஆறு வயது மூத்தவர். அதே ஆண்டு அக்டோபர் 22-ம் தேதி இருவரும் கடையைத் திறந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் பால்ட்வின் பார்க் என்ற ஊரில்.

கடையில் உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. போர் முடிந்து ஆளுக்கொரு கார் வாங்கத் தொடங்கியிருந்த காலம் அது. அன்றைய கார் ஹோட்டல்களில் பணியாளர்கள் காருக்கே வந்து ஆர்டர் எடுத்து, தட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை மாற்றி, ஒரு பக்கம் ஸ்பீக்கரில் ஆர்டர் சொல்லிவிட்டு, காரை நகர்த்திக் கொண்டுபோய் ஜன்னலில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று செய்தது ஹாரியின் புத்தி. உள்ளே வந்து வெளியே போ. கடையின் பெயரும் அதுதான். மார்க்கெட்டும் சமையலும் ஹாரி, கணக்கு வழக்கு எஸ்தர் என்று முதல் நாளிலிருந்தே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அந்த முதல் கடை இன்று இல்லை. 1954-ல் நெடுஞ்சாலை போடுவதற்காக இடித்துவிட்டார்கள். 2014-ல் அதே ஊரில் அதே அளவில் ஒரு மாதிரிக் கடையைக் கட்டி, பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

என் பழைய கட்டுரையில் நான் தவறவிட்ட இன்னொரு விஷயமும் உண்டு. அதே 1948-ம் ஆண்டு. அங்கிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சான் பெர்னார்டினோ என்ற ஊர். அங்கேயும் ஒரு குடும்பக் கடை. ரிச்சர்ட், மாரிஸ் என்று இரண்டு சகோதரர்கள், ஏற்கெனவே நடத்திவந்த தங்கள் ஹோட்டலைச் சில மாதங்கள் மூடி, மெனுவைச் சுருக்கி, 15 சென்ட்டுக்கு பர்கர் விற்கும் கடையாக மாற்றித் திறந்தார்கள். அவர்களுடைய குடும்பப் பெயர் மெக்டொனால்ட்.

அதன்பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மில்க் ஷேக் கலக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த ரே க்ராக் 1954-ல் அந்தக் கடையைப் பார்த்து அசந்துபோய், கிளைகள் திறக்கும் உரிமையை வாங்கினார். 1961-ல் 27 லட்சம் டாலருக்கு மொத்தத்தையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். சகோதரர்கள் தாங்கள் தொடங்கிய அசல் கடையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஆனால், அதற்குத் தங்கள் சொந்தப் பெயரையே வைக்க முடியாமல் வேறு பெயர் வைக்க வேண்டியிருந்தது. அதற்கு அருகிலேயே க்ராக் ஒரு மெக்டொனால்ட்ஸைத் திறந்தார். அசல் கடை தாக்குப்பிடிக்கவில்லை. 1968-ல் மெக்டொனால்ட்ஸின் கடை எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டது. குடும்பம் மட்டும் அதில் இல்லை.

ஸ்னைடர் தம்பதி அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1951-ல் பக்கத்து ஊரான கோவினாவில் இரண்டாவது கடை. முதல் கடைக்கும் இரண்டாவதற்கும் இடையே மூன்று வருஷம். அதன்பிறகும் அதே நிதானம்தான். 1963-ல் இரண்டு இறைச்சி வில்லை, இரண்டு சீஸ் வைத்த 'டபுள்-டபுள்' வந்தது. (பன்னுக்கு நடுவே வைக்கும் அந்த வட்டமான கறிக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைத் தமிழில் எழுதினால் 'பாட்டி' என்று வருகிறது. பாட்டியைப் பற்றிய கட்டுரையில் அது வேண்டாம் என்று வில்லை ஆக்கிவிட்டேன்.) 1972-ல் கடை வாசலில் இரண்டு பனை மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து நட ஆரம்பித்தார்கள். ஹாரிக்குப் பிடித்த ஒரு நகைச்சுவைப் படத்தில் அப்படிச் சாய்ந்த மரங்களுக்கு அடியில் புதையல் இருக்குமாம். ஹாரி காலமானது 1976-ல். அப்போது மொத்தம் 18 கடைகள்.

28 வருஷத்தில் 18 கடை. என் 'சக்சஸ் ஸ்டோரி'யில் இந்த எண்ணை நான் விட்டுவிட்டேன். சக்சஸ் மாதிரி தெரியவில்லை, அதனால்தான்.

மெதுவாகப் போனதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் யாருக்கும் ஃபிரான்சைஸ் கொடுப்பதில்லை. பணம் கட்டினால் எங்கள் பெயரை வைத்துக்கொள் என்கிற பேச்சே கிடையாது. எல்லாம் சொந்தக் கடை. இறைச்சியை உறைய வைப்பதில்லை. கடையில் ஃப்ரீஸரும் இல்லை, மைக்ரோவேவும் இல்லை. உருளைக்கிழங்கைக் கடையிலேயே தோல் சீவி, கையால் இழுக்கிற வெட்டுக் கருவியில் நறுக்குகிறார்கள். வில்லைகளைச் சொந்த ஆலையில் செய்து லாரியில் அனுப்புகிறார்கள். உறையவைக்காத இறைச்சி என்பதால் லாரி ஒரு நாளில் போய்ச் சேருகிற தூரத்துக்குள்தான் கடை திறக்க முடியும். ஆசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் லாரி போகிற தூரம்தான் எல்லை.

அந்தச் 'சீக்ரெட் மெனு'வையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சீனியர் அண்ணன் கோபித்துக்கொள்வார். பலகையில் இருப்பது பர்கர், சீஸ் பர்கர், டபுள்-டபுள், ஃப்ரைஸ், ஷேக், குளிர்பானங்கள், அவ்வளவுதான். பலகையில் இல்லாததை வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியதில் வளர்ந்தது மற்றதெல்லாம். 'அனிமல் ஸ்டைல்' என்றால் வில்லையில் கடுகு விழுது தடவிப் பொரித்து, வதக்கிய வெங்காயமும் கூடுதல் சாஸும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துத் தருவது. 1961-லிருந்தே இருக்கிறது. பன்னுக்குப் பதிலாக லெட்டூஸ் இலையில் சுற்றித் தருவது ஒன்று. இறைச்சியே இல்லாமல் சீஸ் மட்டும் வைத்துத் தருவது ஒன்று. நம் ஊர் சைவக்காரர்கள் அங்கே போனால் பிழைப்பது இதை வைத்துத்தான். இப்போது எல்லாமே அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. சீக்ரெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஹாரிக்கும் எஸ்தருக்கும் இரண்டு மகன்கள். மூத்தவர் கை, இளையவர் ரிச். அப்பா போனபிறகு பொறுப்புக்கு வந்தது இளையவர் ரிச். வயது 24. நம் ஊர்க் குடும்பக் கடையாக இருந்தால் அன்றே பஞ்சாயத்து கூடியிருக்கும். ரிச் கெட்டிக்காரர். 1984-ல் கடை மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க பால்ட்வின் பார்க்கில் ஒரு 'பல்கலைக்கழகம்' தொடங்கினார். டம்ளர் அடியிலும் பேப்பரிலும் பைபிள் வசனத்தின் எண்ணைச் சிறியதாக அச்சிடுவதும் அவர் காலத்தில் வந்த பழக்கம்தான். 1992-ல் முதல்முறையாகக் கலிபோர்னியாவைத் தாண்டி லாஸ் வேகாஸில் கடை திறந்தார். 18 கடை 93 ஆனது.

1993 டிசம்பர் 15. ரிச் வந்துகொண்டிருந்த சிறிய ஜெட் விமானம், சான்டா அனா ஊரில் ஜான் வேன் விமான நிலையத்தில் இறங்குவதற்குச் சற்று முன்னால் விழுந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள். நிறுவனத்தின் முக்கிய அதிகாரி ஒருவரும் அதில் இருந்தார். முன்னால் ஒரு போயிங் 757 இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய விமானம் போன பாதையில் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். பின்னால் நெருங்கி வருகிற சின்ன விமானத்தை அது புரட்டிப் போட்டுவிடும். இந்த விபத்துக்குப் பிறகுதான் 757-க்குப் பின்னால் வரும் விமானங்கள் இன்னும் தள்ளி வர வேண்டும் என்று அமெரிக்காவில் விதியை மாற்றினார்கள். ரிச்சுக்கு வயது 41.

இப்போது மூத்தவர் கை வந்தார். அப்பாவைப் போலவே கார் பந்தயப் பிரியர். பந்தய விபத்தில் பட்ட காயத்தின் வலி, அதற்கான மாத்திரை, மாத்திரைக்கு அடிமை என்று அவர் வாழ்க்கை போனது. அதற்கு நடுவிலும் 93 கடைகளை 140 ஆக்கினார். 1999 டிசம்பரில் மாத்திரைகள் அளவுக்கு மீறி இறந்துபோனார். வயது 48.

கணவர், இளைய மகன், மூத்த மகன். மூன்று பேர் போனதும் டிசம்பர் மாதத்தில். தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்த பேத்தி லின்ஸிக்கு அப்போது 17 வயது. கடையை நடத்தும் வயதில் யாரும் இல்லை. அப்போது தலைவர் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்தான் எஸ்தர். 1948-ல் முதல் நோட்டைத் திறந்தவர். அடுத்த மாதம் அவருக்கு 80 வயது.

இதை நான் முதல் கட்டுரையில் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? 'ஹாரிக்குப் பின் மகன்கள் ரிச், கை ஆகியோரும், தற்போது பேத்தி லின்ஸியும் நிர்வகித்து வருகின்றனர்.' ஆறு வருஷத்துக்கு மேல் தலைவராக இருந்த ஒருவரை ஒரு காற்புள்ளிக்குள் போட்டுப் புதைத்திருக்கிறேன். பொய் எதுவும் இல்லை. எந்த உண்மை சரிபார்ப்பிலும் மாட்டாது.

அவர் சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 2006 ஆகஸ்டில், 86 வயதில் காலமானபோது கடைகள் 200 ஆகியிருந்தன. விற்றுவிட எத்தனையோ காரணங்கள் இருந்தன. மகன்கள் இல்லை, வயதாகிவிட்டது, வாங்க ஆசைப்படாத ஆளில்லை. அவர் கடையை விற்கவில்லை. பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. ஃபிரான்சைஸும் கொடுக்கவில்லை. பேத்திக்குப் போக வேண்டியது ஓர் அறக்கட்டளையின் கையில் இருந்தது. 30 வயதில் பாதி, 35 வயதில் முழுவதும் என்று ஏற்பாடு. இடையில் குடும்பத்து மருமகன் முறையில் இருந்த மார்க் டெய்லர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். 2010-ல் 27 வயதில் லின்ஸி தலைவரானார். 2017-ல் முழு உரிமை அவர் கைக்கு வந்தது.

லின்ஸிக்கு முதல் வேலை எங்கே தெரியுமா? 17 வயதில், ரெட்டிங் என்ற ஊரில், தங்கள் கடையிலேயே. வரிசையில் நின்று விண்ணப்பித்து, லெட்டூஸ் இலைகளைப் பிரித்து வைக்கிற வேலை. முதலாளி வீட்டுப் பெண் என்று உடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது. எங்கள் கடையில் எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை இருந்தது. நான் முதலாளி மகள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் உரித்துத்தான் ஆக வேண்டும். (இன்-என்-அவுட் கடை மேலாளர்களின் சராசரிச் சம்பளம் வருஷத்துக்கு 1,60,000 டாலர் என்று 2018-ல் செய்தி வந்தது. டிப்ளமோ படித்துவிட்டு டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் நான் அதை ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.)

எங்கள் கடை ஏன் இப்போது இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

2014-ல் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் பைபாஸ் ஓரத்தில் இடம் காட்டினார். 'கார் எல்லாம் நிக்கிற இடம். ரெண்டாவது கிளை போட்டா பிச்சிக்கிட்டு ஓடும்' என்றார். அப்பாவுக்கு ஆசை. அதில் தப்பில்லை. அன்று ராத்திரி அம்மா நோட்டைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. "நோட்டு ஒத்துக்கலைங்க. அட்வான்ஸும் வட்டியும் போக, இங்க வர்ற லாபம் மாஸ்டர் சம்பளத்துக்கே காணாது. ரெண்டு வருஷம் போகட்டும்" என்றாள். அப்பா, "நீ எப்பவும் பயந்துக்கிட்டே இரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெரியப்பா, மாமா, கடை மாஸ்டர், இடம் காட்டியவர் எல்லோரிடமும் அப்பா யோசனை கேட்டார். என்னிடம்கூட, 'பேரு என்ன வைக்கலாம்?' என்று கேட்டார். நான் இரண்டு பெயர் சொன்னேன். அம்மாவின் நோட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

பைபாஸ் கடை ஒன்றரை வருஷம் ஓடியது. அதன் கடனை அடைக்கப் பழைய கடையும் போனது. 2017-ல் ஷட்டரை இறக்கினோம். அப்பா இப்போது ஒரு மில் கேன்டீனில் மேற்பார்வை பார்க்கிறார். நல்லாத்தான் இருக்கிறார். சாயங்காலம் பரோட்டா கல்லின் சத்தம் கேட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

மறுநாள் ராத்திரி அம்மாவுக்கு நான் போன் செய்தேன். "கணக்கு பார்த்தது அந்தம்மாதான். எஸ்தர். 48-லேருந்து" என்றேன்.

"நினைச்சேன்" என்றாள் அம்மா. அப்புறம் கேள்வி மேல் கேள்வி. எத்தனை வருஷத்தில் எத்தனை கடை? கடனா, கைக்காசா? பிள்ளைகள் அம்மா பேச்சைக் கேட்டார்களா? நான் பேப்பரில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். 28 வருஷத்தில் 18 கடை என்றதும், "ம்" என்றாள். அந்த ஒரு 'ம்' போதுமாக இருந்தது.

2024 மார்ச்சில் ஓக்லண்டில் ஒரு கடையை மூடினார்கள் என்று சொன்னேன். 75 வருஷத்தில் அவர்கள் மூடிய முதல் கடை அதுதான். காரில் கண்ணாடியை உடைத்துத் திருடுவதும் வழிப்பறியும் அந்த இடத்தில் அதிகமாகி, வாடிக்கையாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் பாதுகாப்பில்லை என்று காரணம் சொன்னார்கள். கடை லாபத்தில்தான் ஓடுகிறது என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

"லாபத்துல ஓடுற கடையையா மூடினாங்க?"

"ஆமாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்மாளு நஷ்டத்துல ஓடுற கடையையே ஒன்றரை வருஷம் மூட மாட்டேன்னாரு" என்றாள். பின்னால் அப்பா ஏதோ சொல்வது கேட்டது. என்ன என்று புரியவில்லை. அம்மா சிரித்தாள்.

நான் அவளிடம் அந்த அசைன்மென்ட் விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன், இரண்டு பக்கத்தில் ஒரு காபி டம்ளருடன் வந்துபோன கதையை. சொல்லவில்லை. அதற்குப் பதில், "பழைய நோட்டெல்லாம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"பரண்ல கிடக்கு. 19 நோட்டு. ஒண்ணு மட்டும் எலி கடிச்சிருச்சு. எதுக்குடி?"

"சும்மாதான். தீபாவளிக்கு வரும்போது பார்க்கணும்."

"தூசியா இருக்கும், மாஸ்க் போட்டுக்கிட்டு ஏறு" என்றாள். அவளால் இப்போது ஏணியில் ஏற முடிவதில்லை. 19 வருஷம் கடையில் நின்றதில் இரண்டு முட்டியும் போய்விட்டது.

நான் அலுவலகத்தில் அந்தப் பழைய கட்டுரையைத் திறந்து, ஹாரிக்குப் பின் மகன்கள் என்று தொடங்கும் வரியை அழித்துவிட்டு, எஸ்தரைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். விலங்கியல் படித்தது, கடற்படையில் இருந்தது, 1948-லிருந்து கணக்கு பார்த்தது, மகன்கள் இருவரும் போனபிறகு தலைவரானது எல்லாம். சீனியர் அண்ணன் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "இதுதான்டா ஸ்டோரியே. முன்னாடியே ஏன் சொல்லல?" என்றார். லிங்க்கை மறுபடியும் அம்மாவுக்கு அனுப்பினேன்.

இரண்டு நீலக் குறி உடனே வந்தது. பதில் வர இருபது நிமிடம் ஆனது. அம்மா தட்டச்சு செய்ய அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாள்.

'80 வயசுல தலைவரா. பாவம் அந்தம்மாவுக்கு முட்டி வலிச்சிருக்கும்.'